கவனத்தோடு சாப்பிடத் தொடங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கவனத்தோடு சாப்பிடுவது என்றால் பசியையும் ருசியையும் வயிறு நிறைவதையும் உணர்ந்து நிதானமாகச் சாப்பிடுவது. எடை கூடிவிட்டதே என்று இப்படிச் சாப்பிடப் பழகுகிறவர்களில் பலர், ஒரு வாரத்துக்குள் அதையும் இன்னொரு டயட் ஆக்கிவிடுகிறார்கள். திருகோணமலையில் எனக்குத் தெரிந்தவர்களிடம் நான் அதிகம் காண்பது இதைத்தான். இரவு ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டதும் தன்னையே திட்டித் தீர்ப்பார்கள், "எனக்கு இது சரிவராது" என்பார்கள், அந்த மனக்கஷ்டத்தைத் தணிக்க அடுத்த நாள் பின்னேரம் பேக்கரிக்குப் போய் நிற்பார்கள். குற்றவுணர்வு பசியைக் குறைப்பதில்லை. ஆறுதலுக்காகச் சாப்பிடும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும்.

கவனிப்பது வேறு, கண்டிப்பது வேறு. நாலு மணிக்கு ரோல்ஸ் கேட்கிறதா? அதற்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள். அலுவலகத்தில் ஏச்சு வாங்கினீர்களா, நித்திரை போதவில்லையா, சும்மா இருந்த அலுப்பா? "இப்போது வெறும் சோறும் பருப்பும் தந்தால் சாப்பிடுவேனா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பசி, தாராளமாகச் சாப்பிடலாம். இல்லை என்றால் அது ஆசை. சில நிமிடங்கள் அதோடு சண்டை பிடிக்காமல் இருந்து பாருங்கள், பெரும்பாலும் எழுந்த ஆசை தானாகத் தணியும். தணியாவிட்டாலும் எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே சாப்பிடுவீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு இரவில் நிதானமாகச் சாப்பிட முயல்வதும் தவறு. கொலைப்பசியில் யாருக்கும் நிதானம் வராது.

1979இல் ஜோன் கபாட்-சின் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மன அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சியில், ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, மணந்து, மெல்ல மென்று சாப்பிடச் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு மூன்று வேளையும் அப்படியே சாப்பிடப் பார்த்தால் மூன்றாம் நாளே வெறுத்துவிடும். ஒரு வேளையின் முதல் ஐந்து வாயை மட்டும் போனை வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடமளவு பிடிக்கும். சூடை மீனை முள் பார்த்துத் தின்னும்போது அந்த நேரம் இயல்பாகவே கிடைக்கிறது. கொத்து ரொட்டியோ கடையிலேயே துண்டு துண்டாகக் கொத்தப்பட்டு வருகிறது. மெல்லாமலே இறங்கிவிடுவதால் அதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

சோற்றை மட்டும் கவனித்து, தேத்தண்ணியை மறந்துவிடுகிறோம். நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 30 கிராமைத் தாண்டும். நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டச்சு பே கடற்கரையில் கதைத்துக்கொண்டே கொறிக்கும் கடலையும் இறால் வடையும் இப்படித்தான் கணக்கில் வராமல் போகின்றன.

உறவினர் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தால் கோப்பை நிரம்பிக்கொண்டே இருக்கும். "நல்ல ருசி மாமி, தேவையெண்டால் நானே கேட்டு எடுக்கிறன்" என்று முதலே சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

தினமும் தராசில் ஏறிப் பார்த்து மனமுடைய வேண்டாம். கட்டுமீறிச் சாப்பிடுவதையும் மனக்கவலையில் சாப்பிடுவதையும் கவனத்தோடு சாப்பிடும் பயிற்சி குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைவதற்கான சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. நடையும் மரக்கறியும் நித்திரையும் கூடவே வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள்: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லை.

நீரிழிவுக்கு இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் மாற்றும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஒளித்து ஒளித்து அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுப்பது போன்றவை இருந்தால் வீட்டுப் பயிற்சியோடு நிற்காமல் கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது.