அக்கில் முதல் வெஸ்ட்போர்ட் வரை: கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வேயில் ஒரு நாள் சைக்கிள் பயணம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில் இருக்கிறது இந்த 42 கி.மீ. பாதை. 1937-இல் மூடப்பட்ட ரயில் தடத்தையே பெரும்பாலும் பின்பற்றுவதால் செங்குத்தான ஏற்றம் குறைவு. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் பொதுவான வழி.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த முனையில் ஏறுவது என்பதை. மேற்கு முனையான அக்கிலில் ஏறுங்கள். அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அக்கில்–முல்ரானி 13 கி.மீ., முல்ரானி–நியூபோர்ட் 18 கி.மீ. இரண்டும் கிழக்கு நோக்கியவை என்பதால் காற்றே முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். நியூபோர்ட்டில் பாதை தெற்கே திரும்பியதும் அதே காற்று வலப்பக்கமாக முகத்தில் அடிக்கும். களைத்த கால்களுக்குக் கடைசி 11 கி.மீ. கனமாகத் தெரிவது இதனால்தான். அதற்குத் தெம்பு மிச்சம் வைத்திருங்கள்; நியூபோர்ட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. முந்தைய இரவு வானிலையைப் பாருங்கள். கிழக்குக் காற்று என்றால் திசையை அப்படியே மாற்றிவிடலாம்.

வெஸ்ட்போர்ட்டில் சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் வேனில் அக்கிலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கோடையில் முன்பதிவு அவசியம். மணிக்கு 12 முதல் 14 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேர ஓட்டம். நின்று பார்க்க, சாப்பிட என்று ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். க்ளூ விரிகுடாவும், எதிர்க்கரையில் 764 மீட்டர் உயர க்ரோ பேட்ரிக் மலையும் தெரியும் இடங்களில் அவசரப்படக் கூடாது.

தரை பல இடங்களில் இறுக்கிய பொடிக்கல். ஒல்லி டயர் சறுக்கும். 35 முதல் 40 மி.மீ. அகலம், 40 முதல் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். மழையில் கல்தூள் சேறாகி பிரேக் கட்டையைத் தேய்க்கும். கிளம்பும் முன்பே கட்டையின் கனத்தைப் பாருங்கள்.

பங்சருக்குப் பெரும்பாலும் வேலிமுள்தான் காரணம். ஈரத்தில் ஒட்டு பிடிக்காது. மாற்று ட்யூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், பம்ப் கட்டாயம். புது ட்யூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக, முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். முள்முனை உள்ளேயே இருந்தால் புது ட்யூபும் சற்று நேரத்தில் காற்று இறங்கிவிடும்.

கால்நடை தாண்டாமலிருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் கடக்க வேண்டும். நனைந்த கம்பிமேல் பிரேக் பிடித்தாலோ திரும்பினாலோ விழுவது நிச்சயம்.

இடப்பக்கமாகவே ஓட்டுங்கள். நடப்பவர்களை நெருங்கும் முன் பெல் அடித்து, வேகத்தைக் குறைத்துத் தாண்டுங்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் இறங்கித் தள்ளுங்கள். பாதையின் பல பகுதிகள் விவசாயிகள் மனமுவந்து விட்டுக்கொடுத்த சொந்த நிலம். திறந்த கேட்டை மூடாமல் போனால் ஆடுகள் சாலைக்கு வந்துவிடும்.

நடக்க மட்டும் விரும்புவோர் முல்ரானி–அக்கில் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: மூன்றரை மணி நேரம். திரும்பி வர வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.