அரிப்பா, எரிச்சலா? கழுவும் முன் கொஞ்சம் பாருங்கள்

பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுவதுதான். தயவுசெய்து வேண்டாம். யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8 முதல் 4.5க்குள் வைத்திருக்கின்றன. நோய்க்கிருமிகளுக்கு எதிரான காவல் அதுதான். டெட்டால் அந்தக் காவலையே கலைத்துவிடும். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டியதில்லை.

சரி, அரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் படி: பாருங்கள். கழற்றிய உள்ளாடையை அப்படியே வாளியில் போடாமல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். வெள்ளைப்படுதல் நிறமில்லாமலோ பால் நிறத்திலோ, கெட்ட வாடையில்லாமல் படிந்திருந்தால் அது இயல்பு. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடுவதும் இயல்புதான். ‘எலும்பு உருகி வருகிறது’ என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், அது உண்மையில்லை.

தயிர்க் கட்டி போலத் திரண்டு, அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. சாம்பல் கலந்த வெள்ளையாக நீர்த்து, மீன் வாடை அடித்தால் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகியிருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால், உடலுறவு வழியாகப் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியும் எரிச்சலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதாலும் வரும்.

இரண்டாவது படி: எப்போது தொடங்கியது, கடைசி மாதவிலக்கு எப்போது, சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா, சோப்பையோ நாப்கினையோ மாற்றினீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மருத்துவர். மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு க்ரீம்’ என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை போகாது. பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் யோனிக்குள் வைக்கச் சொல்வார்கள். பாக்டீரியாவுக்கு மெட்ரோனிடசோல். ஒன்றுக்கு உள்ளது மற்றதற்கு உதவாது. டிரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் சேர்த்தே மருந்து. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும். கர்ப்பமாக இருந்தால் எந்த மாத்திரையையும் நீங்களாகப் போடாதீர்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தக்கசிவு இருந்தால் அன்றைக்கே போங்கள்.

வெளியில் சொல்லக் கூச்சமா? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட தொற்றுகளுக்கென்றே சுரக்ஷா கிளினிக் இருக்கிறது. தனியாகப் பேசலாம், மருந்து இலவசம். வெள்ளைப்படுதலுக்கான மருந்து பச்சை நிற உறையில் வரும்.

வீட்டில் ஒன்று மாற வேண்டும். துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் ஜட்டி மாலையில் தொட்டால் இன்னும் ஈரமாக இருக்கும். அந்த ஈரம் பூஞ்சைக்குத் தோது. பருத்தியில் வாங்குங்கள், கொடியில் நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை.