ஹோஸுக்குள் முறிந்து இறுகிய நிப்பிளைக் கழற்றுதல்

நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில், மேட்டிலுள்ள பீலியிலிருந்தோ தொட்டியிலிருந்தோ ஹோஸ் வழியாக இறக்கும் தண்ணீரைத்தான் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் பாய்ச்சுகிறோம். இரண்டு ஹோஸ்களை இணைக்கும் பிளாஸ்டிக் நிப்பிள் நடுவில் முறிந்து ஒரு பாதி உள்ளே தங்கிவிட்டால், உடனே குறட்டால் பிடித்து இழுக்கத்தான் கை போகும். அதுதான் பிழை. நிப்பிளின் வளையங்கள் உட்செல்லும் பக்கம் சரிவாகவும் வெளிவரும் பக்கம் செங்குத்தாகவும் இருப்பதால், இழுக்க இழுக்க அவை உட்சுவரைக் கவ்விக்கொள்கின்றன. ஹோஸும் நீண்டு ஒடுங்கி இன்னும் இறுகுகிறது.

முதலில் மேல்முனையில் தண்ணீரை அடைத்து, ஹோஸிலுள்ளதை வடியவிட வேண்டும். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் சேர்வதால், மடித்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது சரிவராது. பிறகு ஹோஸை நிப்பிளின் மேல் இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பை முழுதாகக் கழற்றிவிடவும்.

பனி கொட்டும் ஜனவரிக் காலையில் பீ.வீ.சீ. ஹோஸ் தடிபோல விறைத்திருக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு தொடங்குவது நல்லது. நுவரெலியாவின் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஆனாலும் ஹோஸை இளக்க அதுவே தாராளம். தகரக் கோப்பையில் சுடுநீர் ஊற்றி, முனையை மூன்று அங்குலம் அமிழ்த்தி ஒரு நிமிடம் வைத்திருந்து, துணியால் பிடித்து எடுக்கவும்.

பழைய குடைக்கம்பி ஒன்றின் மழுங்கிய நுனியைச் சவர்க்கார நீரில் தோய்த்து, ஹோஸுக்கும் நிப்பிளுக்கும் இடையே மெல்லச் செருகிச் சுற்றிவர ஓட்டினால் பிடி விட்டுப்போகும். மண்ணெண்ணெய் விடுவோரும் உண்டு. கீரைக்குப் பாயும் ஹோஸில் அது வேண்டாம். நிப்பிளின் விளிம்பு வெளியே தெரிந்தால் அதைக் குறட்டால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹோஸின் வாயைப் பெருவிரல்களால் பின்னோக்கித் தள்ளவும். விளிம்பு உள்ளே போயிருந்தால், அதன் துளையில் ஸ்குரூ ஆணி ஒன்றை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, ஆணியைப் பிடித்துக்கொண்டு அவ்வாறே தள்ளலாம். அதற்கு மேல் முறுக்கினால் நிப்பிள் விரிந்து மறுபடியும் இறுகும்.

இரண்டு முறை சூடேற்றியும் அசையாவிட்டால், நிப்பிள் முடியும் இடத்துக்கு அப்பால் ஹோஸை நேராக வெட்டிவிடுவதே மேல். நீளமான ஹோஸுக்கு இரண்டு அங்குலம் பெரிய நட்டமல்ல. புதிதாகப் பித்தளை நிப்பிள் வாங்கி, ஹோஸ் முனையைச் சுடுநீரில் இளக்கி, எல்லா வளையங்களும் உள்ளே மறையும்வரை செருகி, ஹோஸ் ஆறிய பிறகு அந்த வளையங்களுக்கு மேலாகக் கிளிப்பை முடுக்கவும்.