குப்பத்தில் குழந்தைகள் காப்பகம்: தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூரின் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவ ஊர்கள் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. ஆனாலும் அங்கிருப்பவர்கள் தங்கள் ஊரைக் கிராமம் என்றுதான் சொல்கிறார்கள். திருவிழா முதல் தகராறு வரை ஊர்ப் பஞ்சாயத்தில்தான் பேசி முடிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டம் முழுவதும் கட்டடத்தைப் பற்றியே போய்விடுகிறது. எந்தப் புறம்போக்கு, யாருடைய நிதி, கல்வெட்டில் யார் பெயர் என்றே பேசுகிறார்கள். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்களோ அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

அவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பதன் விளைவு முதலில் தெரிவது நேரத்தில்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். கூடைக்காரப் பெண் மூன்று, நான்கு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குத் திறந்து நான்கு மணிக்குள் மூடும் இடத்தால் இவர்களுக்கு என்ன பயன்? அந்த இடைவெளியை இன்று நிரப்புவது வீட்டின் மூத்த பெண் குழந்தை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலில் பன்னைத் தோய்த்து ஊட்டுவாள். பக்கத்து வீட்டில் அவனை விட்டுவிட்டு, சீருடையில் பால் கறையோடு பள்ளி வாசலில் போய் நிற்கும்போது முதல் மணி அடித்து முடிந்திருக்கும். காப்பகம் வருவதும் வராததும் அவளுடைய படிப்பையும் தீர்மானிக்கிறது. நேரத்தைப் பள்ளிக்கூடக் கணக்கில் முடிவு செய்பவர்கள் அவளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே கட்டடத்துக்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த ரயிலில் அல்லது பஸ்ஸில் திரும்புகிறார், குழந்தைக்கு எத்தனை மாதம் என்று தாயிடமே கேட்டு எழுதுங்கள். அதிகாலை மூன்று மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு வரச் சொல்வதும் சரியல்ல. அதே தெருவில் பொறுப்பான ஒரு பெரியம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து, இரண்டு மூன்று குழந்தைகளை விடியும் வரை அவர் வீட்டிலேயே உறங்க வைக்கலாம். ஆறு மணிக்குக் காப்பகம் திறந்ததும் அவரே கொண்டுவந்து விடட்டும்.

அடுத்த தவறு, காப்பகத்தை நர்சரிப் பள்ளியாக்கிவிடுவது. ஏ, பி, சி, டி சொல்லித் தந்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள் என்று நினைத்து, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். அவர்களுக்குப் பால்வாடி ஏற்கெனவே இருக்கிறது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் பள்ளி முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் நடக்கும் பால்வாடிகளில் (அங்கன்வாடிகளில்) பகல் முழுவதும் கைக்குழந்தையை விட்டுச் செல்ல வழியில்லாததே தாய்மார்களின் குறை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ளவர்களுக்குத் தூளி, பால் காய்ச்ச அடுப்பு, மாற்றுத் துணி, கழுவத் தண்ணீர் வேண்டும். கரும்பலகையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்பவரின் சம்பளம் எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம். ‘சேவை மனப்பான்மை உள்ள பெண்ணாகப் பாருங்கள்’ என்ற பேச்சு வந்தால், கொடுக்கப்போவது சொற்பத் தொகை என்று பொருள். மலம் கழுவி, சோறு ஊட்டி, காய்ச்சல் பார்த்து, தூங்க வைத்து நாள் முழுவதும் நிற்பது உழைப்பு. அதற்கான கூலி கிடைக்காதபோது நல்ல பெண்கள் சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் குழந்தைகள் முகம் பழக மறுபடியும் அழுது தீர்க்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் 10 பேருக்கு ஒருவர் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தைகள் ஐந்தாறு பேரே என்றாலும் இருவரை வையுங்கள். ஒருவர் அடுப்படிக்குப் போனால் இன்னொருவர் கண் குழந்தைகள் மேல் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பெற்றோர் கட்டணத்தை மட்டும் நம்புவது கடற்கரையில் செல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் வரவு சுருங்கும். தாய்மார்கள் கூடுதலாக வேறு வேலை தேடுவதும் அப்போதுதான். மீன்வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிச் சுயஉதவிக் குழுக் கணக்கில் ஒதுக்கி வைத்தால், தடைக்காலத்தில் கட்டணம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். அரசுப் பக்கமும் வழி இருக்கிறது. அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம் நடத்தும் ‘பால்னா’ திட்டம் மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியில் உள்ளது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அதற்கு மனு கொடுங்கள். பால்வாடி டீச்சரைப் போட்டியாளராக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். எடை பார்க்க, சத்துமாவு வாங்க, தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்க அவர் துணை வேண்டும். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் அது இடம் தருகிறது.

இடம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கீற்றுக் கொட்டகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. அங்கே சமையல்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குப் பரவியது. அடுப்பு தனியாகவும் வாசல் இரண்டாகவும் இருக்கட்டும். வெள்ளம் எதுவரை ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் எண்ணெயையும் சுமந்துகொண்டு எண்ணூருக்குள் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது பகலில், தாய்மார்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நடந்தால் யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக எந்தத் தெரு வழியாக வெளியேறுவது, ஆட்டோவுக்கு யாரை அழைப்பது என்று முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டி, மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

மாலையில் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வாங்காமல் விடுவது பெரும் தவறு. குடித்துவிட்டு வரும் தகப்பன் ‘என் பிள்ளையைக் கொடு’ என்று வாசலில் நின்றால், பார்த்துக்கொள்ளும் பெண் தனியாக அவரை எதிர்கொள்ள முடியாது. மறுநாளும் அதே தெருவில்தான் அந்தப் பெண் நடக்க வேண்டும். அழைத்துச் செல்ல உரிமை உள்ள மூன்று பேரின் பெயரையும் புகைப்படத்தையும் தாய் தரட்டும். நிதானத்தில் இல்லாதவரிடம் குழந்தையைத் தருவதில்லை என்ற விதியை ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்து, நிர்வாகிகளின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அந்தத் தாளுக்குக் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பெரிதாக எழுதி, பார்த்துக்கொள்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.