கதவடியில் ஒரு பை

1995 அக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமமே தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது அம்மம்மா தூக்கியது ஒரேயொரு துணிப்பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், எல்லாவற்றையும் இரட்டைச் சொப்பிங் பையில் சுற்றி, வாயை றப்பர் நாடாவால் இறுக்கியிருந்தார். நாவற்குழிப் பாலத்து மழையிலும் நெரிசலிலும் உடுத்தது முழுக்க நனைந்தது, உறுதி நனையவில்லை.

ஆபத்து வரும்போது பலர் அலறி ஓடுவதில்லை, திகைத்து நின்றுவிடுகிறார்கள். என்ன செய்வதென்று முன்பே முடிவெடுத்து வைத்தவருக்குக் கால் சீக்கிரம் அசையும். ஆகவே வெள்ளமோ புயலோ வருமுன் பையைக் கட்டி வையுங்கள். பத்திரங்களோடு கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மருந்து, டோர்ச், சில்லறைக் காசு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி இரண்டு பைக்கற்று போதும். நகையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அதை யாரும் மறப்பதில்லை.

தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசி அணைந்துவிட்டால் சொந்த மகளின் இலக்கம்கூட எனக்கு நினைவில் வராது. இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கான 1990 இரண்டும் அதில் இருக்கட்டும்.

பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது? கோயிலா, பள்ளிக்கூடமா, பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியை யார் கூட்டிவருவது என்பதையும் பேசிவிடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பையைப் பிரித்துப் பாருங்கள். போன வருடம் எங்கள் பையிலிருந்த பிஸ்கட்டை எறும்பு முடித்திருந்தது.