எப்போது ஆர்டர் போடுவது? ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே கணக்கிடலாம்

விநியோகச் சங்கிலிக்குத் தொழில்நுட்பம் என்றதும் பெரிய இஆர்பி (ERP: கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும்) மென்பொருள் வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆரம்பத்துக்கு அது தேவையே இல்லை. ஸ்ப்ரெட்ஷீட்டும், ஒழுங்காகக் குறித்துவைத்த தேதிகளும் போதும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். இருப்பு எவ்வளவுக்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர் போட வேண்டும்?

படி 1: இரண்டு தாள்கள்

முதல் தாளில் தேதியும் அன்று விற்ற எண்ணிக்கையும். இரண்டாவதில் ஆர்டர் போட்ட தேதியும் சரக்கு வந்த தேதியும். பார்கோடு ஸ்கேன் செய்து பில் போடுபவர்களுக்கு முதல் தாள் தானாகக் கிடைத்துவிடும். இரண்டாவதைத்தான் பலர் எழுதி வைப்பதே இல்லை. சப்ளையர் சொன்ன தேதி வேண்டாம்; சரக்கு உண்மையில் வந்து இறங்கிய தேதி வேண்டும்.

படி 2: பூஜ்ஜியங்களைப் பாருங்கள்

சரக்கு தீர்ந்துபோன நாளில் விற்பனை 0 என்று பதிவாகியிருக்கும். கேட்க ஆள் வரவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, கொடுக்கத்தான் சரக்கு இல்லை. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் சராசரி குறையும், வாங்குவதும் குறையும், மறுபடி சரக்கு தீரும்.

படி 3: நான்கு எண்கள்

தினசரி விற்பனைக்கும், சரக்கு வந்துசேர ஆகும் நாட்களுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) எடுங்கள். இரண்டுக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபங்ஷன் உண்டு. உதாரணத்துக்கு: விற்பனைச் சராசரி 40, விலக்கம் 10, வந்துசேர 9 நாள், விலக்கம் 2 நாள்.

படி 4: கணக்கு

காத்திருக்கும் காலத்தில் விற்பது 40 × 9 = 360. இதோடு நிறுத்தினால் ஏறக்குறைய பாதித் தடவை சரக்குத் தட்டுப்பாடு வரும். அதனால் பாதுகாப்பு இருப்பு, அதாவது ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, வேண்டும்.

விற்பனை ஏறி இறங்குவதற்கு: 9 × 10² = 900
சரக்கு வரும் நாள் முன்பின் ஆவதற்கு: 40² × 2² = 6400

கூட்டினால் 7300, அதன் வர்க்கமூலம் சுமார் 85. நூற்றுக்கு 95 தடவை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால் அதற்கான புள்ளியியல் எண்ணான 1.65-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 141. ஆக, இருப்பு 501-க்கு வந்ததும் ஆர்டர்.

படி 5: எண்களை மாற்றிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விற்பனையின் விலக்கத்தை 10-லிருந்து 5 ஆக்குங்கள். பாதுகாப்பு இருப்பு 134-க்கு வரும், அவ்வளவுதான். சரி, அதைப் பழையபடி 10 ஆக்கிவிட்டு, சப்ளையரின் விலக்கத்தை 0 ஆக்குங்கள். 50 போதும்! அதாவது இந்தப் பொருளில் 91 எண்ணிக்கை, சப்ளையர் சொன்ன நாளில் வராததற்காக மட்டுமே முடங்கிக் கிடக்கிறது. விற்பனையைத் துல்லியமாகக் கணிக்கும் மென்பொருளுக்குச் செலவழிப்பதைவிட, இரண்டாவது தாளை வைத்துக்கொண்டு சப்ளையரோடு உட்கார்ந்து பேசுவதே இங்கே பலன் தரும். உங்கள் விற்பனை விவரத்தை அவரோடு பகிர்ந்துகொண்டால் அவரும் முன்கூட்டியே தயாராகலாம்.

அப்புறம், 501-உடன் ஒப்பிடும்போது கிடங்கில் இருப்பதோடு, ஆர்டர் போட்டு இன்னும் வராததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே தேவைக்கு இரண்டு முறை வாங்கிவிடுவோம்.

ஒரு குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் ஓடும் பொருளுக்கும், எப்போதாவது ஒன்றிரண்டு போகும் உதிரிபாகத்துக்கும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். தினமும் ஓரளவு சீராக நகரும் பொருளில் தொடங்குங்கள்.