ஹெச்டிஎல் ஏறலையேன்னு வாக்கிங்க விட்டுடாதீங்க

மூணு மாசம் விடாம வாக்கிங் போயிட்டு லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தத்துல கொழுப்பு டெஸ்ட், எடுத்துப் பாத்தா ஹெச்டிஎல்ங்கற 'நல்ல கொலஸ்ட்ரால்' 36ல இருந்து 38தான், "இதுக்கா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்"னு ஷூவ தூக்கி பரண்ல போடுறவங்க நிறைய பேர். அவங்களுக்கும், இனிமேதான் ஆரம்பிக்கப் போறவங்களுக்கும் இது.

ஸ்டெப் 1: மொதல்ல அந்த நம்பர புரிஞ்சுக்கோங்க

ஆம்பளைங்களுக்கு 40, பொம்பளைங்களுக்கு 50, அதுக்குக் கீழ போனா கம்மி. ஆனா அது ஹெச்டிஎல் எவ்ளோ கொலஸ்ட்ரால சுமந்துட்டு இருக்குங்கற அளவு மட்டும்தான். அதோட முக்கியமான வேல, ரத்தக்குழாய் சுவத்துல கொழுப்ப தின்னு ஊதிப்போன செல்லுங்ககிட்டருந்து அத உருவி ஈரலுக்குக் கொண்டு போறது. ஊர்ல எத்தன குப்பை வண்டி இருக்குன்னு எண்ணுனா தெரு சுத்தமாயிடுமா?

டார்செட்ராபிப்னு ஒரு மாத்திரை ஹெச்டிஎல்ல 70 சதவீதத்துக்கு மேல ஏத்துச்சு, ஆனா சாப்பிட்டவங்கள்ல சாவு அதிகமாச்சுன்னு 2006 டிசம்பர்ல சோதனைய நிறுத்திட்டாங்க. அதுக்கு நேர்மாறா, டல்லஸ்ல சுமார் 2400 பேர வச்சு 2014ல வந்த ஆய்வுல, யாரோட ஹெச்டிஎல் கொழுப்ப நல்லா உருவுதோ அவங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ரொம்ப கம்மி, நம்பர் எவ்ளோ இருந்தாலும். இப்படி உருவுற திறன அளக்கற டெஸ்ட் நம்ம தெரு லேப்ல எல்லாம் கிடையாது. எக்சர்சைஸ் இந்த வேலைத்திறன கூட்டுதுன்னு பல ஆய்வுல வந்திருக்கு, எல்லாத்துலயும் இல்ல, ஆனா அதிகமா செஞ்சவங்ககிட்ட தெளிவா தெரியுது.

ஸ்டெப் 2: வேலைய கணக்குல சேக்காதீங்க

"கடைல நாள் முழுக்க நின்னுட்டுதானே இருக்கேன், மூட்டை தூக்கறேனே"ம்பாங்க. கோபன்ஹேகன்ல ஒரு லட்சம் பேருக்கு மேல பாத்து 2021ல வந்த ஆய்வுல, ஓய்வு நேரத்துல உடம்ப அசைக்கறவங்களுக்கு இதய ஆபத்து கொறஞ்சது, வேலையில ரொம்ப உழைக்கறவங்களுக்கு கூடுச்சு. அநியாயமாதான் தோணுது. அதனால தனியா நேரம் ஒதுக்கணும், ஷட்டில், சைக்கிள், நீச்சல், புடிச்சது எதுவோ.

ஸ்டெப் 3: வேகத்த விட நேரத்த கூட்டுங்க

2007ல 25 சோதனைகள சேத்துப் பாத்தப்ப ஹெச்டிஎல் சராசரியா ஏறுனது டெசிலிட்டருக்கு வெறும் 2.5 மில்லிகிராம் (ரிப்போர்ட்ல வர்ற அதே கணக்கு), அதுக்கே வாரம் 120 நிமிஷமாவது வேணும், ஒவ்வொரு தடவையும் எவ்ளோ நேரம் செய்றோங்கறதுதான் பெருசா வித்தியாசம் காட்டுச்சு. அப்போ 36, 38 ஆனது தோல்வியே இல்ல! மொத வாரம் ஒரு தடவைக்கு 15 நிமிஷம், அப்புறம் வாரத்துக்கு அஞ்சு அஞ்சு நிமிஷமா ஏத்தி, வாரம் 150 நிமிஷத்துக்கு வாங்க. வேகம் எவ்ளோன்னா, பக்கத்துல வர்றவர்கிட்ட பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருந்தாலோ சுகருக்கு ஊசி போட்டாலோ டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க, கொலஸ்ட்ரால் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

ஸ்டெப் 4: சிகரெட்

அது ஹெச்டிஎல்ல கீழ இழுக்கும். விட்டா ஏறும். இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

ஸ்டெப் 5: மறுபடி டெஸ்ட்

மூணு மாசம் கழிச்சு, முடிஞ்சா அதே லேப்ல. முந்தின நாள் மட்டும் திடீர்னு ரெண்டு மணி நேரம் ஓடிட்டுப் போகாதீங்க, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற இன்னொரு வகை கொழுப்பு, கம்மியா இருந்தா நல்லது) ஒரு நாளுக்கு பொய்யா கொறஞ்சு காட்டும். ரிப்போர்ட் வந்ததும் ஹெச்டிஎல்ல மட்டும் மொறைக்காம அந்த ட்ரைகிளிசரைடு வரியையும் பாருங்க, பெரும்பாலும் நல்ல சேதி அங்கதான் இருக்கும்.